சிவக்காத கண்ணும் சார்காய்டோசிஸும்

ஒருவருக்கு சார்காய்டோசிஸ் என்று முடிவாகிவிட்டால், கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒருமுறையாவது அவர் கண் மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. என் அக்காவுக்கு இந்த நோய் வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவள் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியைகள் என எல்லோரும் கேட்பது இதைத்தான்: "நுரையீரல் வியாதின்னுதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அலையறீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதை விட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அக்காவுக்கு ஆரம்பித்தது வறட்டு இருமலில். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோது, இரண்டு நுரையீரலின் வேர்ப்பகுதியிலும் நெறி கட்டியிருந்தது தெரிந்தது. சி.டி., பயாப்ஸி எல்லாம் முடிந்து நோயின் பெயர் உறுதியானதும், நுரையீரல் மருத்துவர் மருந்துச் சீட்டின் கீழேயே கண் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கு அது வீண் செலவாகப் பட்டது. "என் கண்ணுக்கு என்னடா? சிவக்கல, வலிக்கல, பீளை தள்ளல" என்றாள். பார்வை லேசாக மங்கலாக இருந்ததை அவள் வயசுக் கோளாறு என்று நினைத்து, கண்ணாடிக் கடையில் பவர் மாற்றியிருந்தாள். விடைத்தாள் திருத்தும்போது வெள்ளைத் தாளின் மேல் நூல் நூலாக ஏதோ மிதப்பதும் அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

பரிசோதித்துப் பார்த்தால் இரண்டு கண்ணுக்குள்ளும் அழற்சி. இடது கண்ணில் பார்வை மையத்தில் நீர் கோக்கவும் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உடம்பின் பாதுகாப்புச் செல்கள் காரணம் சரியாகத் தெரியாத ஏதோ ஒன்றால் தூண்டப்பட்டு, அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரள்கின்றன. கிரானுலோமா என்பது இந்த முடிச்சைத்தான். பரம்பரையாக வரும் ஒரு சாய்வும், வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு தூண்டுதலும் சேர்ந்தால் இது நடக்கிறது என்று கருதுகிறார்கள். இது புற்றுநோய் கிடையாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவும் ஒட்டாது. அக்கா வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று யாரோ பேச்செடுத்தபோது அத்தான் அதை அங்கேயே நிறுத்தினார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

முடிச்சுகள் பெரும்பாலும் நுரையீரலிலும் நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும் வரும். தோல், கல்லீரல், இதயம், நரம்பு எதையும் இந்த நோய் விட்டுவைப்பதில்லை. கண்ணைப் பொறுத்தவரை, நோயாளிகளில் கால்வாசி முதல் பாதிப்பேர் வரை பாதிக்கப்படுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. ஜப்பானில் இது இன்னும் அதிகம். அங்கே கண்ணுக்குள் வரும் அழற்சியான யுவியைடிஸ் என்று கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் காணப்படும் காரணங்களில் சார்காய்டோசிஸ்தான் முன்னணியில் நிற்கிறது. கண்ணில் முதலில் தெரிந்து, பிறகு நெஞ்சைப் படம் எடுத்து நோயைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு.

கண்ணுக்கு நடுவே யுவியா என்று ஒரு அடுக்கு இருக்கிறது. கருவிழிக்குப் பின்னால் பாப்பாவைச் சுற்றித் தெரியும் நிறத் திரையான ஐரிஸ் அதன் முன்பகுதி. விழித்திரைக்குப் பின்னால் விரித்தாற்போல் இருக்கும் கோராய்டு அதன் பின்பகுதி. ரத்தக் குழாய்கள் நிறைந்த இடம் என்பதால் உடம்பில் எங்கோ நடக்கும் அழற்சி இங்கேயும் எளிதில் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த அடுக்கில் வரும் அழற்சிதான் யுவியைடிஸ்.

அது இரண்டு விதமாக வரலாம். சிலருக்குத் திடீரென்று கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே கூசும். நம் ஊரில் கண் சிவந்தால் உடனே மெட்ராஸ் ஐ என்று சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வோம். மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், உறுத்தும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வரும். யுவியைடிஸில் பீளை இருக்காது. வலி உள்ளுக்குள்ளிருந்து வரும், வெளிச்சம் ஆகாது, சிவப்பு கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வளையம்போல் இருக்கும். கண் சிவப்பு அடிக்கடி வந்து வந்து போனால் மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது விதம்தான் அக்காவுக்கு வந்தது. சார்காய்டோசிஸில் அதிகம் காணப்படுவதும் இதுதான். மாதக்கணக்கில், இரண்டு கண்ணிலும், வலியில்லாமல் மெல்ல மெல்ல வேலை செய்யும். வலி வந்திருந்தால் அக்கா மறுநாளே ஓடியிருப்பாள். வலிக்காததால்தான் பவர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கண்ணில் அறிகுறியே இல்லாத சார்காய்டோசிஸ் நோயாளிக்கும் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை செய்யச் சொல்கிறது. நுரையீரல் மருத்துவரின் அந்த ஒரு வரிக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்றைக்குப் பரிசோதனை அறையில் பார்த்ததைச் சொல்கிறேன். நாடியை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி உட்காரச் சொல்வார்களே, அந்த ஸ்லிட் லாம்ப் கருவியோடு ஒரு கேமரா இணைத்திருந்தார்கள். மருத்துவர் பொறுமைசாலி. திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே பார்த்தார். மெல்லிய கோடாக ஒளி கண்ணுக்குள் போனது. கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே இருக்கும் நீர் தெளிவாக இருந்தால் அந்த இடம் இருட்டாகத் தெரிய வேண்டுமாம். அக்காவின் கண்ணில் அங்கே பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது, ஒளிக்கற்றையில் தூசி பறப்பதுபோல. அத்தனையும் வெள்ளணுக்கள். கருவிழியின் உள்பக்கம், கீழ்ப்பாதியில், மங்கிய வெள்ளையில் உருண்டையான படிவுகள் ஒட்டியிருந்தன. ஆட்டுக்கொழுப்புத் துளி மாதிரி இருப்பதால் மருத்துவப் புத்தகத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தான் என்றார். ஐரிஸின் உள் விளிம்பில், பாப்பாவை ஒட்டி, இரண்டு மூன்று சின்ன மொட்டுகள். அவை கெப்பே முடிச்சுகள். ஐரிஸின் பரப்பில் வந்தால் புசாக்கா முடிச்சுகள். நெஞ்சுக்குள் இருந்த அதே கிரானுலோமாவின் சின்ன உருவங்கள் இவை.

அடுத்து பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். வலது கண் பாப்பா வட்டமாக விரிந்தது. இடது கண் பாப்பா விரியும்போது ஓரிடத்தில் இழுத்துப் பிடித்தது போல் கோணியது. ஐரிஸ் தனக்குப் பின்னாலிருக்கும் லென்ஸோடு அந்த இடத்தில் ஒட்டியிருந்தது. அழற்சி நீரில் புரதம் கூடும்போது இப்படிப் பசைபோல ஒட்டிவிடும். சுற்றிலும் முழுவதுமாக ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குள் நீர் ஓடும் வழியே அடைபட்டுப் பிரஷர் எகிறும். யுவியைடிஸுக்கு ஹோமாட்ரோபின், அட்ரோபின் போன்ற சொட்டு மருந்துகளைத் தருவது இதற்காகத்தான். அவை பாப்பாவை விரித்து ஐரிஸை அசைத்துக்கொண்டே இருக்கும், வலியையும் குறைக்கும். அந்த மருந்து போட்டால் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயிலில் கண் கூசும். அதனாலேயே நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எதற்காகத் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணின் பின்பகுதியில் நடப்பது இன்னும் முக்கியம். கண்ணுக்குள் ஜெல்லி மாதிரி நிரம்பியிருக்கும் விட்ரியஸில் செல்கள் சேர்ந்து சின்ன வெள்ளை உருண்டைகளாகக் கீழே தங்கும். அவை வரிசையாகக் கோத்தாற்போல் தெரிவதும் உண்டு. அக்கா விடைத்தாளில் பார்த்த நூல்கள் இந்தக் கலங்கலின் நிழல்தான். விழித்திரையின் சிரைக் குழாய்களைச் சுற்றி அழற்சி வந்தால், குழாய் ஓரமாக மெழுகு வடிந்ததுபோல் வெளிறிய திட்டுகள் தெரியும். கோராய்டில் கிரானுலோமா வரலாம். பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கலாம். எல்லாவற்றையும் விட அதிகம் பேருக்குப் பார்வையைக் குறைப்பது மாக்குலா என்ற பார்வை மையத்தில் நீர் கோப்பது. சாதாரணமாக அதன் நடுப்பகுதியின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். நீர் கோத்தால் அது உப்பிவிடும், நேர்க்கோடு வளைந்து தெரியும். அக்கா வாசலில் புள்ளி வைக்கும்போது நடு வரிசை மட்டும் நெளிந்து தெரிவதாகப் பிறகு சொன்னாள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்த பிறகுதான் கோளாறு இடது கண்ணில் என்று அவளுக்கே புரிந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுகிறது. வீட்டில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்: காலண்டர் கட்டங்களை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள்.

நீர்க்கோவையை ஓ.சி.டி. ஸ்கேன் தொடாமலே அளந்துவிடும். ரத்தக் குழாய்க் கசிவைப் பார்க்க, கை நரம்பில் ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றிக் கண்ணைப் படம் எடுப்பார்கள். அன்று சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் பயப்பட வேண்டியதில்லை.

உள்ளே மட்டும் என்றில்லை, கண்ணைச் சுற்றியும் வரும். கண்ணீர்ச் சுரப்பியில் முடிச்சு வந்து மேல் இமையின் வெளி ஓரம் வீங்கும். சுரப்பி கெட்டால் கண் வறண்டு மணல் விழுந்தாற்போல் உறுத்தும். கண்ணின் வெண்படலத்தில் பருப்பருவாக வருவதும் உண்டு. மருத்துவருக்கு அது ஒருவகையில் வசதி, அங்கிருந்தே சிறிது கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பலாம். டென்மார்க் கண் மருத்துவர் ஹேர்ஃபோர்ட் 1909இல் ஒரு விசித்திரமான கூட்டணியை எழுதி வைத்தார்: காய்ச்சல், யுவியைடிஸ், காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், சிலருக்கு முக வாதம். அது பொன்னுக்கு வீங்கியின் ஒரு வகையாக இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட்டார். 1930களில்தான் அது சார்காய்டோசிஸ் என்று தெளிவானது. முக வாதம் வந்தால் இமை முழுதாக மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். அந்த நிலையில் தூங்கும்போது களிம்பு போட்டு இமையை ஒட்டி வைப்பது அவசியம்.

யுவியைடிஸ் மருத்துவரின் கேள்விகள் முதலில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தன. வாய்ப்புண் வருமா, மூட்டு வலிக்குமா, வீட்டில் மாடு உண்டா, வெள்ளத் தண்ணீரில் நடந்தீர்களா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று கேட்டார். காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். யுவியைடிஸின் காரணம் ஊருக்கு ஊர் மாறும். 1993 கடைசியில் தமிழகத்தில் பெய்த பெருமழை, வெள்ளத்துக்குப் பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவியைடிஸ் நோயாளிகள் கூட்டமாக வந்தார்கள். மருத்துவர் எஸ். ஆர். ரத்தினமும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து அது எலிக்காய்ச்சலின் பின்விளைவு என்று கண்டறிந்தார்கள். குளத்தில் குளிக்கும் கிராமத்துப் பிள்ளைகளின் கண்ணுக்குள் கிரானுலோமா வந்தபோது அதற்குத் தட்டைப்புழு காரணம் என்று காட்டியதும் அதே மருத்துவமனைதான். ஒருவர் எந்தத் தண்ணீரில் குளிக்கிறார் என்பது வரை கேட்டால்தான் இங்கே கண் நோய்க்குக் காரணம் பிடிபடும்.

நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் கேள்வி, இது டிபியா சார்காய்டோசிஸா என்பது. உலகின் டிபி நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். டிபியும் கிரானுலோமாவை உண்டாக்கும், நெஞ்சில் நெறி கட்டும், கண்ணில் யுவியைடிஸ் வரும், கோராய்டில் முடிச்சு வரும். ஆனால் சிகிச்சை நேர் எதிர். சார்காய்டோசிஸுக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு தர வேண்டும். டிபி இருக்கும்போது டிபி மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமிக்கு அவிழ்த்துவிட்டது போல் ஆகிவிடும். மறுபுறம், சார்காய்டோசிஸை டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்குள் பார்வை போய்விடும். மருத்துவர்கள் இங்கே நிதானிப்பதைத் தாமதம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள்.

முடிவு சொல்ல ஒற்றைப் பரிசோதனை கிடையாது. 2006இல் டோக்கியோவில் கூடிய கண் சார்காய்டோசிஸ் நிபுணர்கள் ஒரு பட்டியல் வகுத்தார்கள், 2009இல் அது வெளியானது, பின்னர் திருத்தவும்பட்டது. மேலே சொன்ன கண் அடையாளங்கள் ஒரு பக்கம், நெஞ்சுப் படமும் ரத்தப் பரிசோதனைகளும் இன்னொரு பக்கம், பயாப்ஸி தனியே. எல்லாம் சேர்த்துப் பார்த்து நிச்சயம், அநேகமாக, இருக்கலாம் என்று படிநிலை சொல்வார்கள். பி.சி.ஜி. ஊசி போட்டவருக்கு மான்டூ என்ற டிபி தோல் பரிசோதனையில் கை தடிக்காமலே போவதும் அந்தப் பட்டியலில் ஒரு தடயம். பயாப்ஸியில் டிபி கிரானுலோமாவின் நடுவே திசு செத்துப் பாலாடைக்கட்டி போல் ஆகியிருக்கும், சார்காய்டோசிஸில் பொதுவாக அப்படி இருக்காது.

ரத்தத்தில் ஏ.சி.இ. என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள். கிரானுலோமா செல்கள் அதைச் சுரப்பதால் அளவு கூடும். ஆனால் எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த அளவு இறங்கித்தான் காட்டும். சாம்பிள் கொடுக்கும் முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு இயல்பாகவே அது கூடுதலாக இருக்கும்.

சிகிச்சைக்கு வருவோம். அழற்சி கண்ணின் முன்பகுதியோடு நின்றால் பிரட்னிசலோன் சொட்டு மருந்து போதும். அந்த பாட்டிலைக் குலுக்கித்தான் விட வேண்டும். மருந்து அடியில் வண்டலாகத் தங்கிவிடும், குலுக்காமல் விட்டால் மேலே இருக்கும் வெறும் நீர்தான் கண்ணில் விழும். அக்காவின் மேஜையில் நான் அந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. சொட்டின் எண்ணிக்கையை மருத்துவர் வாரா வாரம் படிப்படியாகக் குறைப்பார். கண் தெளிந்துவிட்டது என்று நாமாக நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும்.

பின்பகுதியும் பாதிக்கப்பட்டால் கண்ணைச் சுற்றி ஊசி, கண்ணுக்குள் வைக்கும் டெக்ஸாமெத்தசோன் குச்சி, வாய்வழி ஸ்டீராய்டு என்று போகும். ஸ்டீராய்டு கண்ணைக் காப்பாற்றும், ஆனால் அதுவே கண் பிரஷரை ஏற்றவும் கண்புரையை வரவழைக்கவும் செய்யும். நோயும் அதையே செய்யும். அதனால்தான் ஒவ்வொரு முறை போகும்போதும் பிரஷர் அளப்பார்கள். 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள். பலருக்குச் சர்க்கரையும் ஏறும். புரைக்கு ஆபரேஷன் என்றால், கண் குறைந்தது மூன்று மாதமாவது அழற்சியில்லாமல் அடங்கியிருக்க வேண்டும் என்று காத்திருக்கச் சொல்வார்கள்.

ஸ்டீராய்டை நீண்ட நாள் தொடர முடியாது என்பதால் மெத்தோட்ரெக்சேட் தருவார்கள். இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் அழிந்து உயிருக்கே ஆபத்து. அத்தான் அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதி, மற்ற மாத்திரை டப்பாவிலிருந்து அதைப் பிரித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். ஃபோலிக் அமில மாத்திரை தனி. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிப்பார்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் அடலிமுமாப் ஊசி. அமெரிக்காவில் 2016இல் தொற்றில்லாத யுவியைடிஸுக்கு இது அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவில் சைடஸ் 2014இல் எக்ஸெம்ப்டியா என்ற பெயரில் இதன் மலிவான வடிவத்தைக் கொண்டுவந்தது. மலிவு என்றாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். உறங்கிக் கிடக்கும் டிபியை இந்த ஊசி எழுப்பிவிடும் என்பதால் முதலில் டிபி பரிசோதனை கட்டாயம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கை கால் வலி என்றால் வாரம் ஒன்றாக 60,000 யூனிட் வைட்டமின் டி வாங்கிச் சாப்பிடுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு அது ஆகாது. கிரானுலோமாவில் இருக்கும் செல்கள் தாங்களே வைட்டமின் டியை வீரியமான வடிவத்துக்கு மாற்றுகின்றன, உடம்பின் கட்டுப்பாடு அங்கே செல்லாது. ரத்தத்தில் கால்சியம் எகிறும், சிறுநீரகத்தில் கல் வரும். அழற்சி நீண்ட நாள் இருந்த கண்ணில் கருவிழியின் குறுக்கே கால்சியம் பட்டையாகப் படியவும் செய்யும். ஸ்டீராய்டோடு வழக்கமாக எழுதிக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையைக்கூட, ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்த பிறகு சாப்பிடுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அக்காவுக்கு இடது கண்ணில் நீர்க்கோவை வற்றிவிட்டது, மாக்குலாவில் லேசான தழும்பு மட்டும் இருக்கிறது. புதிதாக நூல் மிதந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, ஒரு கண்ணில் கோடு நெளிந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்ரே, சி.டி. அறிக்கை, பயாப்ஸி முடிவு, ஓ.சி.டி. படங்கள், கண் பிரஷர் எழுதிய அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எந்த மருத்துவரிடம் போனாலும் கொண்டு போகிறோம். கண் மருத்துவர் நெஞ்சுப் படத்தைக் கேட்பார், நுரையீரல் மருத்துவர் கண் அட்டையைக் கேட்பார்.